கேட்காமல் போன விமானம்

அவளுடைய முழுப்பெயர் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் இரண்டு பேர்தான். ஒருவர் தபால்காரர், இன்னொருவர் பல் டாக்டர். மற்ற எல்லாருக்கும் அவள் பாம்புக்காது. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று வீடு தள்ளி யாராவது பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் அவளுக்குக் கேட்கும். உள்ளே எத்தனை பிஸ்கட் மிச்சம் என்பதுகூடக் கேட்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அது அபாண்டம். பாதிக்கு மேல் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

அந்தக் காதுதான் அவளுக்குச் சோறு போட்டது. குடிநீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிக்கும் வேலை. மண்ணுக்கு அடியில் போகிற குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாதே! நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் மரத்தில் கடைந்த சின்னக் கிண்ணம். இவ்வளவுதான் அவளுடைய ஆயுதம். கம்பியை வால்வின் மேல் ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொள்வாள். நல்ல குழாய் வாயைத் திறக்காது. ஓட்டைக் குழாய் சூடான டீயை உறிஞ்சுகிறவன் மாதிரி ஸ்ஸ் என்று இழுக்கும். சாக்கட்டியால் சாலையில் ஒரு பெருக்கல் குறி போடுவாள், மேஸ்திரி தோண்டுவார், தண்ணீர் வரும். இருபத்திரண்டு வருடத்தில் தப்பிப் போன குறிகள் மூன்று. அதில் ஒன்று அவள் கணக்கில் சேராது. குறியின் மேல் ஒருவன் லாரியை நிறுத்திவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டான்.

வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். விமானத் தளத்தில் இன்ஜினை ஓட்டிப் பார்க்கும் கொட்டகையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். காதடைப்பான் கொடுத்திருந்தார்கள், அது பணிக்காலம் முழுக்க அவர் கழுத்தில்தான் தொங்கியது. இன்று அவருக்கு ஏதாவது கேட்க வேண்டுமானால் வாசல் அதிர வேண்டும். தனக்குக் கேட்கவில்லை என்பதால் ஊருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு அவர் பேசுவார். தெருவில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். ஒரு வீட்டுக்கு நாலு காது என்று ஒதுக்கிய பிரம்மா, கைமறதியாக நாலையும் ஒருத்திக்கே கொடுத்துவிட்டான்.

அந்த ஊரில் விமானம் புதிதல்ல. ஒரு காலத்தில் தளத்திலிருந்து கிளம்பிய வேக விமானங்கள் சத்தத்தை முந்திக்கொண்டு பறந்தபோது, தலைக்கு மேலே இடி இறங்குகிற மாதிரி இரண்டு அடி விழும். கண்ணாடி ஜன்னல் உடையும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் பல்செட் டம்ளரிலிருந்து துள்ளி அலமாரிக்குப் போனது. பால்காரரின் பசு ஒரு வாரம் மோராகவே கறந்தது என்பார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. மூன்று நாள்தான். ஊர் கூடி மனு போட்டு அந்தப் பறத்தலை நிறுத்தினார்கள். மனுவின் முதல் கையெழுத்து பாம்புக்காதினுடையது.

அதனால்தான் புதிய சோதனை விமானம் வந்தபோது, விமானக்காரர்களே ஊர்க்காரர்களைப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு அழைத்தார்கள். மேடையில் படம் காட்டினார்கள். விமானத்தில் முக்கால்வாசி மூக்குதான் இருந்தது. கொக்கு ஒன்று ஊசியை விழுங்கி, அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது மாதிரி.

"முன்னாடி கண்ணாடியே கிடையாதுடி! மூக்கு மறைக்குதாம், உள்ள டிவி பாத்து ஓட்டுறான்!" என்று வீட்டுக்காரர் ரகசியமாகச் சொன்னது வாசலில் செருப்பு விட்டவர்கள் வரைக்கும் கேட்டது.

"நீங்க ஸ்கூட்டர் ஓட்டும்போது அதுகூடப் பாக்கலையே."

"என்ன சொன்ன?"

"அழகா இருக்குன்னு சொன்னேன்!"

விளக்கம் சொன்னவள் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையில் எப்போதும் ஒரு தடித்த கோப்பு. ஊர் அவளுக்கு அன்றைக்கே சர்வே பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டது.

"இப்ப நாம போற விமானம் எல்லாம் சத்தத்தைவிட மெதுவாத்தான் போகுது. முந்திப் போக முடியாம இல்ல. முந்தினா கீழ இடி விழும். அதனால ஊர் மேல அந்த வேகம் கூடாதுன்னு சட்டம். இந்த விமானத்தோட உடம்பையே அந்த இடி சேராம சின்னச் சின்னதா சிதறிப் போற மாதிரி செதுக்கியிருக்கோம். ஆனா சத்தம் கம்மின்னு நாங்க சொன்னா சட்டம் மாறாது. கீழ இருக்கற நீங்க சொல்லணும்."

"சட்டம் மாறினா?" என்று பாம்புக்காது கேட்டாள்.

"பயண நேரம் பாதியாகும்மா. இதுல பைலட் ஒருத்தர்தான் போக முடியும். ஆள் ஏத்துற விமானம் வர இன்னும் பத்துப் பன்னெண்டு வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம். நீங்கள்லாம் என்ன சொல்றீங்கங்கறதப் பொறுத்தது."

பாம்புக்காது நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய ஒரே மகள் கண்டம் தாண்டி இருக்கிறாள். இரண்டு விமானம் மாறி, இருபத்தோரு மணி நேரம் பறந்து, கால் வீங்கி வந்து இறங்குவாள். பத்து நாள் விடுப்பில் இரண்டு நாள் தூக்கத்திலேயே போய்விடும். அந்த நேரம் பாதியாகும் என்றால் காதைக் கழற்றியே கொடுக்கலாம்.

அறுபது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுடைய தொழிலைக் கேட்டதும் சர்வே பொண்ணு கோப்பில் நட்சத்திரம் போட்டாள். எதிர்வீட்டுத் தையல்காரரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஒரு கேள்வித்தாள் ஏற்றிக் கொடுத்தார்கள். கேட்டதா, எவ்வளவு சத்தம், தூக்கிவாரிப் போட்டதா, வீடு அதிர்ந்ததா. பூஜ்யம் முதல் பத்து வரை போட வேண்டும். எந்த நாள், எந்த நேரம் பறக்கும் என்று சொல்ல மாட்டார்கள். எப்படி இருக்கும் என்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டால் காது அதையே தேடுமாம்.

"நீங்க இருக்கும்போது மத்த அம்பத்தொம்பது பேரு எதுக்கு அக்கா? வெட்டிச் செலவு" என்றார் தையல்காரர். அவள் மறுக்கவில்லை.

முதல் நாள் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் மாலை தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "என்ன அக்கா, இன்னிக்குக் கேட்டீங்களா?" என்றார்.

"நீ கேட்டியா?"

"கேக்காம என்ன! என் மிஷின் ஓடும்போதே கேட்டுதே!"

"எனக்குக் கேக்காமலா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் போனாள்.

நாள் முழுக்கத் தடதடவென்று தைக்கிறவனுக்குக் கேட்டது, தனக்குக் கேட்கவில்லை. அலாரக் கடிகாரத்தை ஒரு காதிலிருந்து கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். டிக் டிக் கேட்டது. மறு காது. கேட்டது. அதை அறைக்கு வெளியே வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தாள். கேட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடிகாரம் கேட்டது, பேச்சு கேட்டது, குருவிச் சத்தம் மட்டும் போனது. ஊரில் குருவியே இல்லாமல் போய்விட்டது என்று ஒரு வருடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் தோளில் ஒன்று உட்கார்ந்து எச்சம் போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. இப்போது தனக்கு இடிச் சத்தம் போகிறதோ? நாளைக்குக் கசிவுச் சத்தமும் போனால்? கம்பியைப் பிடுங்கிக்கொண்டு பில் கட்டும் ஜன்னலில் உட்கார வைப்பார்கள். வீட்டில் வாசல் மணி அடித்தால் எழுந்திருக்க ஓர் ஆள் வேண்டாமா? மகள் போனில் கூப்பிட்டால் இருவரும் மாறி மாறி "என்ன? என்ன?" என்றா கேட்டுக்கொண்டிருப்பது?

அந்த வாரம்தான் நூலகத்தில் தரைக்குக் கீழே இருக்கிற அறையில் ஈரம் ஏறத் தொடங்கியது. நூலகச் சந்து ஒடுக்கமானது. சைக்கிளைத் தவிர வேறு எதுவும் நுழையாதபடி இரண்டு பக்கமும் இரும்புத் தூண் நட்டிருப்பார்கள். அவள் வால்வு வால்வாகக் கம்பியை ஊன்றினாள். இரண்டாவது வால்வைத் தாண்டி, சுவரோரமாக, ஸ்ஸ் என்று கேட்டது. கேட்டது போலிருந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். கேட்டது. ஆனால் கேட்டது உண்மையா, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் காது தானாகவே ஓட்டிக் காட்டுகிற பழைய சத்தமா? சாக்கட்டி கையிலேயே கரைந்தது.

"எங்க வெட்டணும் அக்கா?" என்றார் மேஸ்திரி.

"நாளைக்குச் சொல்றேன்."

"நேத்தும் இதேதான் சொன்னீங்க. உள்ள புஸ்தகமெல்லாம் நீச்சல் பழகுது. அந்த நூலகர் என்னைப் பாக்குற பார்வை இருக்கே, தாமதக் கட்டணம் என்கிட்ட வாங்கிடுவார் போல."

"நாளைக்குன்னா நாளைக்குத்தான்."

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்தார், கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்தப் பார்வைதான் அவளை அதிகமாகச் சுட்டது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கைப்பேசியை எடுத்தாள். பத்து நாற்பதுக்குக் கேட்டது என்று போட்டாள். சத்தம்: எட்டு. தூக்கிவாரிப் போட்டதா: ஆமாம். குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில், 'அடுக்களையில் பாத்திரங்கள் ஆடின, இரண்டாவது தட்டிலிருந்து வடிகட்டி விழுந்தது' என்று எழுதினாள். பொய் சொல்வதென்றால் வடிகட்டி வரைக்கும் சொல்ல வேண்டும், அப்போதுதான் நிற்கும். வியாழக்கிழமை ஒன்பது போட்டு, பூனை ஒன்றையும் பயந்து ஓட வைத்தாள். அவள் வீட்டில் பூனை கிடையாது. மகளின் பயண நேரத்துக்குத் தானே குழி தோண்டுகிறோம் என்பது பூனையை ஓட விட்ட பிறகுதான் உறைத்தது. அதற்குள் பதிவு போய்விட்டது. திருப்பி இழுக்க வழியில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு வாசலில் சர்வே பொண்ணு நின்றாள். கோப்பு கையில் இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா, ரெண்டு பதிவு சரிபாக்கணும். அஞ்சு நிமிஷம்தான்."

பாம்புக்காது அவளை அடுக்களை மேசைக்கு அழைத்துப்போய், டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க அது ஒரு சாக்கு.

"செவ்வாய்க்கிழமை எட்டு போட்டிருக்கீங்க."

"ஆமா. பயங்கரச் சத்தம்."

"வியாழன் ஒம்போது."

"ஆமா. பூனைகூட..."

"செவ்வாயும் வியாழனும் விமானம் பறக்கலம்மா." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் மோசம். "சக்கரத்தைக் கழட்டி வெச்சிருந்தாங்க. பறக்காத நாள்ல யார் என்ன கேக்கறாங்கன்னும் பாக்கறது எங்க வழக்கம். அதனாலதான் தேதி சொல்றதில்ல."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவளுக்கு முதலில் வந்தது கோபம். "அப்ப எங்க காதுல பூ சுத்தினீங்களா?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வெளியே வந்தது வேறு.

"எனக்குக் கேக்கலம்மா" என்றாள் மெதுவாக. "ஒரு தடவைகூடக் கேக்கல. என் காது போயிடுச்சு."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, வாசற்படியில் வந்து நின்றார். "என்ன போயிடுச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சத்தமா சொல்லு!"

"காது போயிடுச்சு!" என்று அவள் கத்தினாள். பத்து நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்தது பக்கத்து வீட்டுக் கொல்லை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அவர் உள்ளே வந்து அடுப்பை அணைத்தார். டீ பொங்கி வழிந்துகொண்டிருந்தது. "உக்காரு" என்றார். வாழ்நாளில் முதல் தடவையாக மெல்லிய குரலில் சொன்னார்.

சர்வே பொண்ணு கோப்பைப் புரட்டினாள். "உங்க பதிவை எப்படியும் நீக்கிடுவோம்மா. அதனால ஒண்ணு கேக்கலாம், தப்பில்ல. போன வாரம் புதன்கிழமை பதினொண்ணு பன்னெண்டுக்கு எங்க இருந்தீங்க?"

"நூலகச் சந்துல. ரெண்டாவது வால்வு."

"அப்ப என்னென்ன கேட்டுது? எல்லாத்தையும் சொல்லுங்க."

அதைக் கேட்டால் அவளுக்குத் தூக்கத்தில்கூடச் சொல்ல வரும். கண்ணை மூடிக்கொண்டாள். "கம்பியில குழாய் இரைச்சல். மாடியில நாற்காலி இழுக்கறாங்க. ஒரு அம்மா, இடது செருப்பு வார் அறுந்தது, சரக் சரக்னு போறாங்க. பெரிய ரோட்டுல ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்குது. யாரோ கார் கதவைச் சாத்தறாங்க. டுப், டுப்னு ரெண்டு கதவு. அப்பறம் மேஸ்திரி தும்மினார்."

"கார் எங்க நின்னுது?"

"சந்துலதான். பக்கத்துலயே." சொல்லிவிட்டு அவள் கண்ணைத் திறந்தாள். "இல்லையே. சந்துக்குள்ள கார் வராதே. தூண் நட்டிருக்கே."

சர்வே பொண்ணு அடுத்த பக்கத்துக்குப் போனாள். "வெள்ளிக்கிழமை நாலு அஞ்சு."

"மொட்டை மாடியில துணி எடுத்துட்டிருந்தேன். கீழ் வீட்டுக்காரர் வந்து கார் கதவைச்..." அங்கேயே நின்றுவிட்டாள். கீழ் வீட்டுக்காரர் காரை விற்று ஒன்றரை மாதம் ஆகிறது. பேருந்தில் இடம் கிடைக்கவில்லை என்று தினமும் புலம்புகிறார்.

"டுப், டுப்பா?"

"டுப், டுப்."

"மூக்கால ஒண்ணு, வாலால ஒண்ணு" என்றாள் சர்வே பொண்ணு. சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதுதாம்மா விமானம்."

பாம்புக்காது நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கேட்கத்தான் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக அவள் காதுக்குப் பழக்கம் ஒன்று உண்டு. செருப்பு, லாரி, தும்மல், கதவு, இவை எல்லாவற்றையும் வந்த வேகத்தில் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கசிவை மட்டும் வைத்துக்கொள்ளும். அவள் வானத்திலிருந்து இடியை எதிர்பார்த்துக் காத்திருக்க, விமானமோ கார் கதவு மாதிரி வந்து, கார் கதவோடு கார் கதவாகத் தள்ளுபடி ஆகியிருக்கிறது. ஓர் ஆகாய விமானத்தையே குப்பைக் கூடையில் போட்ட காது உலகத்தில் வேறு யாருக்கும் இருந்திருக்காது.

"அப்ப என் காது?"

"பத்து நாளைக்கு முன்னாடி அறுந்த செருப்பு எந்தக் கால்னு சொல்றீங்க. அது போயிடுச்சுன்னா எங்களுக்கெல்லாம் காதே இல்லம்மா."

அவ்வளவுதான், அவள் சிரிக்கவும் அழவும் ஒரே நேரத்தில் தொடங்கி, இரண்டில் எது என்று தெரியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த அம்மிக்கல் எழுந்து தன் வழியைப் பார்த்துக்கொண்டு போனது.

"என்னடி? என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று வீட்டுக்காரர் பதறினார்.

"காது நல்லாருக்காம்!"

"யாருக்கு?"

"எனக்கு! உங்களுக்கா இருக்கும்?"

சர்வே பொண்ணு எழுந்தாள். "உங்க பேரை எடுத்துடுவேன்மா. பொய்ப் பதிவு வந்தா விதி அதுதான், என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா என் தலைவருக்குத் தனியா ஒரு வரி எழுதுவேன். மண்ணுக்குள்ள குழாய் கசியறது கேக்கற ஒருத்தங்க எங்க விமானத்தைக் கார் கதவுன்னு நெனச்சாங்கன்னு. நாலு வருஷமா இந்த வேலையில இருக்கேன். இவ்வளவு நல்ல சேதி இதுவரைக்கும் கொண்டுபோனதில்ல."

"பூனை விஷயத்தை எழுதிடாதே."

"பூனை எனக்குள்ளயே இருக்கட்டும்."

அவளை வழியனுப்பும்போது தையல்காரர் ஓடி வந்தார். பாம்புக்காது கத்தியது அவர் வரைக்கும் போயிருந்தது. "அக்கா, உண்மைய சொல்லிடறேன். எனக்கும் ஒண்ணுகூடக் கேக்கல. உங்களுக்குக் கேக்காம இருக்காதேன்னு, மானத்துக்குப் பயந்து நானும் கேட்டுதுன்னு போட்டுட்டேன். மூணு, நாலு, ஒரு நாள் ஆறுகூட."

"அட பாவி! உனக்குக் கேட்டுதேன்னு நெனச்சுத்தான்டா நான் பத்து நாளா செத்துக்கிட்டு இருக்கேன்."

சர்வே பொண்ணு கோப்பைத் திறந்து, பெருமூச்சு விட்டு, இன்னொரு பெயரையும் அடித்தாள்.

பாம்புக்காது அதற்கு மேல் நிற்கவில்லை. சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. இருந்தும் வாரியக் கொட்டகைக்குப் போய்க் கம்பியை எடுத்துக்கொண்டு, மேஸ்திரியை வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு நூலகச் சந்துக்கு வந்தாள். வழியெல்லாம் சத்தம். பேருந்து ஹாரன், சைக்கிள் மணி, மாடியில் யாரோ கரண்டியால் சட்டியைச் சுரண்டுவது. ஒவ்வொன்றும் உறவுக்காரர்கள் மாதிரி எதிர்கொண்டு வந்து நலம் விசாரித்தது.

இரண்டாவது வால்வில் கம்பியை ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்தாள். ஸ்ஸ். இந்த முறை எடுத்து எடுத்து வைத்துப் பார்க்கவில்லை. சுவரோரம் நாலு அடி தள்ளிப் போய், தரையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"இங்க. ரெண்டரை அடி. அழுத்தம் ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் ஒதுங்கி நின்னு வெட்டு."

"வெட்டட்டுமா? இல்ல நாளைக்கா?"

"பேசாம வெட்டுய்யா."

மேஸ்திரி கல்லைப் பெயர்த்து மண்ணை அள்ளினார். ஒரு அடி, இரண்டு அடி. மண் கறுத்தது, பிறகு குழைந்தது. நூலகர் ஜன்னலைத் திறந்து, ஈரமான அகராதி ஒன்றை மார்போடு அணைத்தபடி எட்டிப் பார்த்தார். கடப்பாரை இன்னொரு முறை இறங்கியதும் தண்ணீர் பீறிட்டு எழுந்து மேஸ்திரியைத் தலை முதல் கால் வரை குளிப்பாட்டியது. மிச்சம் ஜன்னல் வழியாகப் போய் அகராதிக்கும் கிடைத்தது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா அக்கா!" என்று மேஸ்திரி முகத்தை வழித்துக்கொண்டு கத்தினார். "இன்னிக்குத்தான் துவைச்சுப் போட்டேன்!"

"ஒதுங்கி நில்லுன்னு சொன்னேனே. உனக்குத்தான்யா காது கேக்கல!"

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்புத் தாளவில்லை. கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தோண்டிப் போட்ட மண்மேட்டின் மேலேயே உட்கார்ந்து, கால் நனைவதைக்கூடப் பார்க்காமல், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள்.